பகல் பஸ்ஸில் சவரிமுத்து சார்

செய்தி வந்தபோது நான் இருட்டறைக்குள் இருந்தேன். பிலிம் தட்டில் கிடந்தது. கதவைத் திறந்தால் மூன்று நாள் வேலை போய்விடும். தட்டுகிற சத்தம் கேட்டு, "யாரா இருந்தாலும் பத்து நிமிஷம் நில்லுங்க" என்று உள்ளிருந்தே கத்தினேன். வெளியே நின்ற கான்ஸ்டபிள் முனுசாமிக்கு நிற்க முடியவில்லை. மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டார்: "சார், நம்ம சவரிமுத்து ஐயா போயிட்டாருங்க. காலையில பூசைக்குப் போயிட்டு வந்து ஊட்டுல காபி கேட்டாராமுங்க. காபி வர்றதுக்குள்ள மாரைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டாராம்."

சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அப்படியே நின்றேன். பிலிமைப் பாதியில் விட முடியாது. கழுவி, அடுத்த தட்டில் போட்டு, நேரம் பார்த்து எடுத்துத் தொங்கவிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். இதைக் கேட்டால் சிலருக்கு என்மேல் கோபம் வரலாம். சவரிமுத்து சாருக்கு வந்திருக்காது. அவராக இருந்தால் முதலில், "பிலிம் தப்பிச்சுதா தம்பி?" என்றுதான் கேட்டிருப்பார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சேலம் ஜில்லா போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, ஏட்டாகி, அந்த இடத்துக்கு வந்தவர். நாற்பத்தொன்பது வயது. சேலம் டவுனில் கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், தம்பி ரயில்வேயில். சட்டைப் பையில் ஜெபமாலையும் விசிலும் எப்போதும் சிக்கிக் கிடக்கும். அவசரத்துக்கு விசிலை எடுத்தால் ஜெபமாலையும் கூடவே வரும். அந்த அவசரத்தில் இரண்டையும் வாயில் வைத்து ஊதியதை நான் பார்த்திருக்கிறேன்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "அவர் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை" என்று பேசினார். பொய். என்னையே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். இன்னொருவர், "எல்லாம் தெரிந்த அதிகாரி" என்றார். அது அதைவிடப் பெரிய பொய். அவருக்குத் தெரியாதது நிறைய. அதை மறைக்கத் தெரியாது என்பதும் அதில் ஒன்று. இறந்தவரைப் புகழ்கிறோம் என்று அவரை வேறு ஆளாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். மெட்ராஸில் கைரேகைப் பயிற்சி முடித்து, ஒரு கேமரா, இரண்டு பிரஷ், மூன்று டப்பா பொடியோடு சேலத்துக்கு வந்து இறங்கியபோது வயது இருபத்துநாலு. இந்த ஜில்லா போலீசுக்கு விஞ்ஞானம் கற்றுத்தர என்னைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்கு நினைப்பு. முதல் வழக்கு சவரிமுத்து சாருடைய ஸ்டேஷன் எல்லையில். ஸ்டேஷன் பேரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பின்கதவைப் பெயர்த்துப் பாத்திரங்களும் பட்டுச்சேலைகளும் போயிருந்தன. நான் போய்ப் பார்த்தால், வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருக்கிறது. உள்ளே தரை கழுவித் துடைத்து ஈரம்கூடக் காயவில்லை. பெயர்த்த கதவுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்தார்கள்.

"யார் இதையெல்லாம் கழுவினது?" என்று கத்தினேன்.

வீட்டு அம்மா பயந்துபோய்ச் சொன்னார்: "ஏனுங்க, மெட்ராஸ் ஆபீசர் வர்றாருன்னு சொன்னாங்க. ஊட்டைப் போட்டது போட்டபடி வெச்சிருந்தா எங்களை என்னன்னுங்க நெனைப்பீங்க?"

காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் இறைத்துக் கொடுத்ததே அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. சவரிமுத்து சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு இன்னும் எரிச்சல். கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் மட்டும் அழகான கட்டைவிரல் ரேகை கிடைத்தது. ஒரு வாரம் உட்கார்ந்து, பதிவில் இருந்த குற்றவாளிகளின் சீட்டுகளை எல்லாம் புரட்டினேன். யாரும் ஒத்துவரவில்லை. போன இடத்தில் எல்லாருடைய ரேகையும் எடுத்துக்கொண்டேனே, போலீசாருடையதை ஏன் விட்டேன் என்று எட்டாம் நாள் சந்தேகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். அது சவரிமுத்து சாருடைய கட்டைவிரல். நான் வருவதற்கு முன்னால் தாகத்துக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார்.

கோபமாகப் போட்டோவைக் கொண்டுபோய் அவர் மேஜையில் போட்டேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, வெகுநேரம் பார்த்தார்.

"என்னுதா இது? இவ்வளவு அழகாவா இருக்குது?"

"சார், ஒரு வாரம் வீணாப் போச்சு."

"ஆமா தம்பி. குடிச்சது ஒரு டம்ளர் தண்ணி, கெடுத்தது ஒரு கேஸு." சிரிப்பு நின்றுவிட்டது. "இதை நான் மீட்டிங்குல சொல்லிடறேன். இல்லேன்னா எல்லாரும் இதையே பண்ணுவாங்க."

மாதாமாதம் சேலத்தில் நடக்கும் கிரைம் மீட்டிங் எப்படி இருக்கும் என்று போலீஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த கேஸை எல்லாம் பெரிதாகச் சொல்வார்கள். கெட்டுப்போனதைச் சொல்லாமல் பைலுக்கு அடியில் சொருகிவிடுவார்கள். அந்த மீட்டிங்கில் எழுந்து நின்று, தன் கட்டைவிரல் போட்டோவைத் தூக்கிக் காட்டியவர் அவர் ஒருவர்தான். டி.எஸ்.பி.யே சிரித்துவிட்டார். அன்று சாயங்காலம் கேண்டீனில் டீ குடிக்கும்போது ஒரு ஏட்டு மெதுவாக, "சார், நானும் போன மாசம் அப்படித்தான் ஒரு பீரோவைத் துடைச்சு வெச்சேன்" என்றார். இன்னொருவர் இன்னொன்று சொன்னார். அப்படி ஆரம்பித்ததுதான் 'தப்புக் கச்சேரி'.

மீட்டிங் முடிந்ததும் கேண்டீன் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஒரே ஒரு சட்டம். அவரவர் தப்பை மட்டும்தான் சொல்ல வேண்டும். அடுத்தவர் தப்பைச் சொன்னவர் எழுந்துபோய் எல்லாருக்கும் டீ சுமந்து வர வேண்டும். ஆரம்பத்தில் டீ சுமந்தது பெரும்பாலும் நான்தான். எனக்குத்தான் அடுத்தவர் தப்பு நிறையத் தெரிந்திருந்தது.

தப்பைப் போலவே நல்ல வேலையையும் விடமாட்டார். எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி நேராக உள்ளே போய், "உங்ககிட்ட எது நல்லா நடக்குது, காட்டுங்க" என்பார். வாழப்பாடிப் பக்கத்து ஸ்டேஷன்காரர்கள் சந்தை நாளில் ஒரு மேஜையைச் சந்தைக்கே தூக்கிப்போய்ப் போட்டுப் புகார் எழுதினார்கள். காய்கறி கொண்டுவந்தவர்கள் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்து பஸ்ஸை விட வேண்டாம் என்பதற்காக. மறு வாரமே இவர் எல்லைச் சந்தையிலும் மேஜை வந்துவிட்டது. "நல்ல பழக்கத்தைத் திருடினா எந்தச் செக்ஷன்லயும் கேஸ் கிடையாது" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு ஏட்டு, காலடித் தடத்தின்மேல் கூடையைக் கவிழ்த்து வைத்து மழையிலும் காப்பாற்றி வைத்திருந்தார். அதையும் சவரிமுத்து சார் திருடிக்கொண்டுவந்து தன் ஆட்களுக்குச் சொன்னார். அடுத்த திருட்டில் ஒரு கான்ஸ்டபிள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கோழிக் கூடையை வாங்கிக் கவிழ்த்து, அதன்மேல் கல்லும் வைத்து, பெருமையாகக் காவல் நின்றார். நான் போய்க் கூடையைத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஒரு வெடைக்கோழி வெளியே வந்தது. கீழே கால் மணி நேரம் கிளறி வைத்த மண். "கோழியோட தடம்தான் சார் தெளிவா இருக்குது" என்றார் கான்ஸ்டபிள். அந்த மாதம் கச்சேரியில் அவர்தான் கதாநாயகர். அதன் பிறகு ஜில்லாவில் கூடை கவிழ்க்கிற யாரும் உள்ளே எட்டிப் பார்க்காமல் கவிழ்த்ததில்லை.

அவரிடம் குறையே இல்லையா என்றால், இருந்தது. கையெழுத்து கோழி கிளறியதைவிட மோசம். ரேகைப் பொடி தூவக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து, டப்பாவைத் திறந்ததும் தும்மி, பக்கத்தில் நின்ற டி.எஸ்.பி.யின் சட்டையில் இடுப்பு வரைக்கும் பொடி பூசிவிட்டார். "இப்போ ஐயா மேல யார் கை வெச்சாலும் தெரிஞ்சுடும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் அந்த டப்பாவை அவரிடம் மறுபடி கொடுக்கவே இல்லை.

இனி என் விஷயம். இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது அரைகுறை.

ஒரு பட்டு வியாபாரி வீட்டில் மாடி அறைப் பெட்டியை உடைத்து நகைகளை எடுத்துப் போய்விட்டார்கள். கீழே தறிக்கூடம், ஐந்து நெசவாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். திருடன் தறிக்கூடத்து வழியாக வந்து, உள் வீட்டு ஆணியில் தொங்கிய அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறான். விளக்கு மாடியிலேயே கிடந்தது. அதன் கண்ணாடிச் சிம்னியில் ஒரு ரேகை எடுத்தேன். கீழே தறிக்கூடத்தில், தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி கரைக்கிற பித்தளைக் குண்டாவில் ஒன்று எடுத்தேன். வீட்டில் புழங்குகிற எல்லாருடைய ரேகைகளையும் வாங்கினேன். அப்போது ஆத்தூர்ப் பக்கம் இன்னொரு அழைப்பு வந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எது எங்கே எடுத்தது என்ற சீட்டை அங்கேயே எழுதவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினேன்.

விளக்கு என்று சீட்டுப் போட்டிருந்த ரேகை, நெசவாளர் செங்கோடனுடையதோடு பொருந்தியது. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் பொருந்தியது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சவரிமுத்து சார் பகல் இரண்டு மணிக்குப் போய், தறியில் இருந்த செங்கோடனை எழுப்பிக் கூட்டிவந்தார். "மாடிப்படி ஏறினதே இல்லைங்க சாமி, தறியை விட்டா எனக்கு ஊடு, ஊட்டை விட்டா தறி" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ரேகை இருக்கும்போது பேச்சு எதற்கு? ரிமாண்ட் வாங்கி சப் ஜெயிலில் வைத்தார்கள்.

பதினோராம் நாள் பகல், சவரிமுத்து சார் என் அறைக்கு வந்தார். கோர்ட்டுக்காக நான் பெரிதாக்கிக் கொடுத்த போட்டோவை மேஜையில் வைத்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இது விளக்குச் சிம்னியில எடுத்ததுதானே?"

"ஆமாம். கீழேயே எழுதியிருக்கே."

"எழுத்து தெரியுது. ரேகைக்குப் பின்னால குழி குழியாத் தெரியுதே, அது என்ன?"

பார்த்தேன். நான் அதுவரை ரேகையின் கோடுகளை மட்டுமே பார்த்திருந்தேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள்.

"பித்தளைப் பாத்திரத்துல தட்டுப் போட்டா இப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். "கண்ணாடியில ஏது தம்பி சுத்தியல் தட்டு?"

இரண்டு சீட்டையும் மாற்றி எழுதியிருக்கிறேன். அந்த ரேகை தினமும் செங்கோடன் கஞ்சி கரைக்கிற குண்டாவில் இருந்தது. இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். விளக்கில் இருந்தது வேறு யாருடையதோ. ஒரு மனிதர் பதினோரு நாள் உள்ளே இருக்கிறார், காரணம் நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடியது.

எனக்குத் தகுதிகாண் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. இது தெரிந்தால் வேலை போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தேன். செங்கோடனை இரண்டாவதாகத்தான் நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

"புது ரிப்போர்ட் ஒண்ணு போட்டுடறேன் சார். மறுபடி பார்த்ததுல பொருந்தலைன்னு எழுதிடறேன். அவர் வெளியே வந்துடுவார். விஷயம் இத்தோட போகட்டும்."

"வந்துடுவாரு. ஆனா ரேகை பொருந்துதே? பொருந்தாதது உங்க சீட்டுத்தானே?"

"அப்ப நீங்களே டி.எஸ்.பி.கிட்டச் சொல்லிடுங்க."

"நானா? அடுத்தவன் தப்பைச் சொன்னா டீ சுமக்கணும். எனக்கு முட்டி வலி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வருகிறீர்களா என்று கேட்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு நின்றார், அவ்வளவுதான். நான் போனேன்.

டி.எஸ்.பி. முன்னால் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்: "ஐயா, ஒரு தப்பு. என்னுது. மாடிக்கே போனதில்லைன்னு ஆளு பதினோரு நாளாச் சொல்றாரு. அந்த வியாபாரி ஊட்டு அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும், நெசவாளருங்க யாரும் உள் ஊட்டுக்கு வர்ற வழக்கமே இல்லைன்னு சொல்லியிருப்பாங்க. நேத்துத்தான் போய்க் கேட்டேன். எக்ஸ்பர்ட் காகிதம் வந்த அன்னைக்கே நான் யோசிக்கிறதை நிறுத்திட்டேன்." சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார். எனக்கு இடம் விட்டார். நான் என்னுடையதை மூன்று வாக்கியத்தில் சொன்னேன்.

டி.எஸ்.பி. எங்களைப் பார்த்து, "சேர்ந்து வந்தீங்க, பரவாயில்லை. தனித்தனியா வந்திருந்தா நான் ரெண்டு தடவை கத்தணும்" என்றார். கத்தத்தான் செய்தார். இரண்டு பேருக்கும் மெமோ. எனக்குத் தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீண்டது. ஆனால் அன்றே மாஜிஸ்திரேட்டுக்கு உண்மையான அறிக்கை போனது. மறுநாள் காலை செங்கோடனை விடச் சொல்லி உத்தரவானது.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். காலை ஒன்பது மணிக்குச் சவரிமுத்து சார் முழு யூனிபார்மில் என் வீட்டு வாசலில் நிற்கிறார். "வாங்க, சப் ஜெயிலுக்குப் போகணும்."

"எதுக்கு? அவரே ஊருக்குப் போய்க்குவார்."

"பகல்ல, ஊரே பார்க்கக் கூட்டிட்டு வந்தேன் தம்பி. பகல்ல, ஊரே பார்க்கத்தான் கொண்டுபோய் விடணும். இல்லேன்னா ஜாமீன்ல வந்திருக்கான்னுதான் பேசுவாங்க."

"ஜீப் கேட்கலாமே?"

"ஜீப்புல போய் இறக்கினா, மறுபடி சோதனைக்கு வந்திருக்கோம்னு கதவைச் சாத்திக்குவாங்க. பஸ்ஸுல போவோம்."

பஸ்ஸில் செங்கோடன் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "கைதிங்களா சார்?" என்று கேட்டார். "இல்லப்பா, சொந்தக்காரரு" என்றார் சவரிமுத்து சார். செங்கோடன் அப்போதுதான் வாயைத் திறந்தார்: "தறியில பாவு பாதியில நிக்குதுங்க. கஞ்சி காஞ்சு இழையெல்லாம் அத்துப் போயிருக்கும்."

தெருவில் நுழைந்ததும் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். சவரிமுத்து சார் நடுத்தெருவில் நின்று, சந்தையில் தண்டோரா போடுகிறவர் மாதிரி உரக்கச் சொன்னார்: "செங்கோடன் எந்தத் தப்பும் செய்யலைங்க. தப்பு போலீசுது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்." பிறகு என்னைப் பார்த்தார். "ரேகைச் சீட்டை மாத்தி எழுதினது நான்தான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

செங்கோடனின் மனைவி பழனியம்மாளுக்குக் கேட்டுவிட்டது. கையில் கஞ்சி ஈரத்தோடு வந்து என் முன்னால் நின்றார்.

"ஏனுங்க சாமி, நீங்க எந்த ஊர்ல படிச்சீங்க?"

"மெட்ராஸ்ல."

"அங்க சீட்டுக் கட்டச் சொல்லித் தரலீங்களா? எங்க ஊட்டுல நூல் கட்டு வந்து எறங்கின கையோட சீட்டுக் கட்டீருவோமுங்க. அப்புறம் எழுதிக்கலாம்னு வெச்சா சாயம் மாறிப் போயி சேலையே பாழுங்க. நூலுக்கே அப்படீன்னா, ஆளுக்கு எப்படி இருக்கோணும்?"

தெருவில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. சவரிமுத்து சாரோ சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். விசிலும் ஜெபமாலையும் கீழே விழுந்தன. அதைக் கவனிக்கவே இல்லை.

"சீட்டை எங்கம்மா கட்டுவீங்க? கட்டுக்கு மேலயா, தனியாவா?"

"தனியா வெச்சா மாறிப் போகாதுங்களா? கட்டுலயே நூலால முடிஞ்சிருவோம்."

"எழுதறது யாரு?"

"எறக்கினவரு ஒருத்தரு, பார்த்தவரு ஒருத்தரு. ரெண்டு பேரும் இருந்தாத்தான் எழுதுவோமுங்க." அப்புறம்தான் அவருக்குக் கோபம் திரும்பி வந்தது. "போலீசுக்குப் பாடம் வேற நான் சொல்லித் தரோணுமா? பதினோரு நாளு என்ற புருசனை உள்ள வெச்சிருந்தீங்களே, அந்த நாளைத் திருப்பிக் குடுப்பீங்களா?"

"முடியாதும்மா" என்றார் சவரிமுத்து சார். பழனியம்மாள் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் நோட்டைத் தடவிக்கொண்டே, "நல்ல பழக்கம் தம்பி. பொருள்லயே முடிஞ்சிடறாங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று அவர்மேல் எனக்குக் கோபம்தான். அவமானப்படுத்திவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் கோபம் அடுத்த மாதக் கச்சேரி வரைக்கும் இருந்தது. அங்கே நான் பஸ்ஸில் சீட்டு எழுதிய கதையைச் சொன்னேன். ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "நானும் மகஜரைப் பஸ்ஸுலதான் எழுதுவேன்" என்றார். அடுத்தவர், "நான் ஊட்டுக்குப் போய்த்தான்" என்றார். அங்கிருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் சம்பவ இடத்தில் எழுதுவதில்லை. அன்றைக்குத்தான் என் கோபம் போயிற்று. அதற்கு முன்னால், இந்தத் தப்பைச் செய்கிறவன் ஜில்லாவில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது பொருளிலேயே நூலால் முடிந்து, எடுத்தவரும் பார்த்தவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த பொருளைத் தொட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. யாருடைய யோசனை என்று டி.எஸ்.பி. கேட்டதற்கு, "ஒரு நெசவாளர் வீட்டு அம்மா சொன்னதுங்க ஐயா" என்று மட்டும் சொன்னார் சவரிமுத்து சார். மேலே துருவிக் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். விளக்கில் இருந்த ரேகைக்காரன் நாலு மாதம் கழித்து இன்னொரு வழக்கில் அகப்பட்டான். செங்கோடனுக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். செங்கோடனும் பழனியம்மாளும் வந்திருந்தார்கள். அவர்கள் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது பழனியம்மாள் என்னை நிறுத்தினார். "சீட்டுக் கட்டறீங்களா சாமி?" "கட்டறேன்மா." "அவரு மெய்யா நல்ல மனுசனுங்க. ஆனா அன்னைக்கு அவருக்கும் தண்ணி குடுக்கலை" என்றார். அதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். பஸ்ஸில் திரும்பும்போது அவர் பேசியது முழுக்க நூல் கட்டைப் பற்றித்தான் என்றேன். பழனியம்மாள் சிரித்துவிட்டார். கல்லறைத் தோட்டம் என்பதை மறந்து நானும் சிரித்தேன்.

சீட்டுக் கட்டும் உத்தரவு ஜில்லாவுக்குச் சொந்தம். அதை நான் காப்பாற்ற வேண்டியதில்லை. கச்சேரியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த மாதம் பெஞ்சில் இடமே இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது பகலில் கொண்டுபோய் விடுகிற அந்த வேலையை மட்டும்தான்.

அடக்கம் முடிந்த மறு வாரம் ஒரு ஸ்டேஷனில், நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நான் ரேகையைப் பார்த்தேன், அவருடையது இல்லை. கதவைத் திறந்து, "போய்யா, வேலை முடிஞ்சுது" என்றார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தேன். "இதெல்லாம் உங்க டூட்டியா சார்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இல்லைதான். டூட்டிப் புத்தகத்தில் இது எங்கேயும் இல்லை. பஸ்ஸில் அந்த லாரிக்காரர் என்னை நம்பவில்லை. வேறு எங்கோ கூட்டிப்போகிறேன் என்று பயந்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய தெருமுனையில் பீடிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் மனைவி ஓடிவந்தார்: "மறுபடியும் என்னங்க? எதுக்குங்க ஆபீசர் கூட வாராரு?"

சவரிமுத்து சாரைப் போல உரக்கப் பேச எனக்கு வராது. இருந்தாலும் எதிர்ச் சாரியில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"இவர் இல்லைங்க. நான் நல்லாப் பார்த்துட்டேன். இவர் இல்லை."